வலது பக்கத்துக் கேபிள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதுதான் அவர் வேலை. அதனால் தெருவில் எல்லாருக்கும் அவர் கண்ணாடிக்காரர். கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் ஒரே புகாரோடு வருவார்கள். பேப்பரில் இப்போதெல்லாம் அச்சே சரியில்லை, மையை மிச்சம் பிடிக்கிறார்கள் என்பார்கள். அவர் முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் ஒரு லென்ஸைப் போட்டு, இப்போது அச்சு எப்படி என்று கேட்பார். ஆள் வாசலைத் தாண்டிய பிறகுதான் சிரிப்பார்.

கடையில் இருக்கிற அந்தப் பொறுமை வீட்டில் மருந்துக்கும் கிடையாது. முன்னறையில் இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர், நடுவில் ஆம்ப்ளிஃபயர், எதிரே ஒரே ஒரு நாற்காலி. அதை யாரும் இம்மியும் நகர்த்தக் கூடாது. வேலை விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் அதில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பார். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி நாளையும், பெண்டாட்டியையும் சேர்த்து, அவர் சகித்துக்கொள்கிறார் என்பது அவர் மனைவியின் கணக்கு.

அந்தச் சுகத்தில்தான் மண் விழுந்தது. சில மாதங்களாக வலது பக்கம் மட்டும் மந்தமாக இருந்தது. இடது பக்கத்து வயலின் பளிச்சென்று வந்தது. வலது பக்கத்து ஜால்ரா துணியில் சுற்றி வைத்ததுபோல் கேட்டது. கேபிள்தான் காரணம் என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டார்.

முனை கறுத்துப்போன ஒயர் சத்தத்தைக் கெடுக்கும். மெலிந்த ஒயரை வீடு முழுக்க இழுத்தால் சத்தம் சோர்ந்துபோகும். அதெல்லாம் உண்மைதான். ஆனால் இவர் வீட்டு ஒயர் புத்தம் புதுசு, நீளமோ நாலு முழம்கூட இல்லை. அதைச் சொல்லவேண்டிய கேபிள் கடைக்காரர் சொல்லவில்லை. தடிமன் போதாது என்றார், முனையில் தங்கமுலாம் வேண்டும் என்றார், கரண்ட் ஒயருக்குப் பக்கத்தில் கிடக்கக் கூடாது என்றார். இவர் எல்லாவற்றையும் செய்தார். தரையில் படாமல் கேபிளை மரக்கட்டைகளின் மேல் தூக்கியும் வைத்தார். மைத்துனன் வந்து பார்த்துவிட்டு, "துணி காயப்போடவா மாமா?" என்று கேட்டான். அவனோடு ஒரு வாரம் பேசவில்லை.

சோதனையும் செய்யாமல் இல்லை. நன்றாக இருந்த இடது கேபிளைக் கழற்றி வலது பக்கம் மாட்டினார். அப்போதும் வலதுதான் மந்தம். வேறு யாராக இருந்தாலும் கேபிளை விட்டிருப்பார்கள். இவர் ஜோடியே சரியில்லை என்று இன்னும் விலை கூடிய ஜோடியை வாங்கிவந்தார். மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து, கடையில் லென்ஸ் மாற்றுவதுபோல் இதுவா அதுவா என்று துளைத்தெடுத்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்றாள். உனக்குக் கேட்கத் தெரியவில்லை என்று எரிந்து விழுந்தார்.

அவளுக்கும் ஆற்றாமை இருந்தது. சாப்பாட்டு மேஜையில் அவள் இடம் அவருக்கு வலது பக்கம். அக்கா வீட்டு விஷயம், குழாய் ரிப்பேர், முழங்கால் வலி என்று எதைச் சொன்னாலும் மனிதர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். ஒருநாள், "பாட்டுன்னா மட்டும் உயிர், நான் பேசினா சுவரா?" என்று கேட்டாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அதோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேபிள் கவலை அப்படி.

ஒரு விடுமுறை நாள் காலையில், தரை துடைக்க வந்தவள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். அவர் புதுக் கேபிளை மாட்டி, பாட்டைப் போட்டார். மாட்டும்போதே செப்புக் கம்பி விரலில் குத்தியிருந்தது. விரலைப் பார்க்க அந்த நாற்காலியிலேயே ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

ஜால்ரா கலகலவென்று கேட்டது. தவறு செய்துகொண்டிருந்த ஸ்பீக்கர் திருந்திவிட்டது என்று துள்ளி எழப்போனார். அதற்குள் வயலின் மங்கியிருப்பது தெரிந்தது. ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டான் என்று கேபிள் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே நாற்காலியை நேராகத் திருப்பி உட்கார்ந்தார். வயலின் பழையபடி பளிச்சென்றது, ஜால்ரா மங்கியது. மறுபடி திருப்பினார். மந்தமும் கூடவே திரும்பியது. அவர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாலும் அது அவருடைய வலது கைப் பக்கமே வந்து நின்றது.

மெதுவாக இடது காதில் விரலை வைத்து அடைத்தார். பாட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

பயமும் வெட்கமும் சேர்ந்து வந்தன. அச்சைக் குறை சொல்லி வந்த அத்தனை முகங்களும், அவர்கள் போன பிறகு தான் சிரித்த சிரிப்பும் ஞாபகம் வந்தன. எழுந்து பாட்டை நிறுத்தினார்.

மத்தியானம் சாப்பிட வந்தவர் தன் இடத்தில் உட்காரவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்து, அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். இப்போது அவள் அவருக்கு இடது பக்கம். புதுக் கோபம் என்று நினைத்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இந்தப் பக்கமா இருந்து பேசு," என்றார். "அந்தப் பக்கம் எனக்குக் கேக்கல."

பரிமாறிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "எவ்வளவு நாளா?"

"நீ பேச்சை நிறுத்தறதுக்கு முன்னாடியிருந்தே," என்றார்.