அம்மன் எழுதிய பலகை

என் கணவரின் தொண்டையில் வந்த கட்டியைக் கொழும்பில் வெட்டி எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போய்விட்டது. கழுத்தின் அடியில் ஒரு துவாரம், அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி, மூச்சு அந்த வழியால்தான். அவருக்குக் கோபம் வந்தால் அந்தத் துணி படபடவென்று அடிக்கும். வேறு சத்தம் இல்லை.

முதலில் கொப்பியில்தான் எழுதினார். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. கொப்பி, பேனை, சவர்க்காரம், கற்பூரம் என்று எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருப்பேன். கொப்பி விலை ஏறி, பிள்ளைகளே பழைய கொப்பியின் வெற்றுத் தாளைக் கிழித்துத் தைத்துக்கொண்டு வந்த நேரம் அது. இவரோ ஒரு தாளில் ஒரு சொல் எழுதுவார். 'காணும்', அதாவது போதும். 'தேத்தண்ணி.' 'அவனுக்குச் சொல்லாத.' வீடு முழுக்க அவர் பேச்சு கிடந்தது. கூட்டும்போது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தாள் வரும், குனிந்து எடுத்தால் 'ஏன் கோபம்?' என்று இருக்கும். எந்த நாளைய கோபம் என்று எனக்கே நினைவிருக்காது. ஆனாலும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பதில் யோசிப்பேன்.

அப்போதுதான் கடைகளுக்குச் சாமான் போடுகிற வேன்காரர் அந்தப் பலகைகளைக் கொண்டுவந்தார். சிலேட்டு மாதிரிக் கறுப்பு முகம். குச்சியால் கீறினால் பச்சைக் கோடு விழும். கீழே ஒரு பொத்தான், அதை அமத்தினால் ஒரு மின்னல் மின்னி எல்லாம் அழிந்துவிடும். தாள் வேண்டாம், மை வேண்டாம். மணிக்கூட்டுக்குப் போடுகிற குட்டிப் பற்றரி ஒன்று போதும், அதுவும் அழிப்பதற்குத்தான். தாய்மார் பிள்ளைகளுக்கு வாங்கினார்கள். நான் ஒன்றை எடுத்து என் மனிசனுக்குக் கொடுத்தேன்.

மனிசன் அன்றைக்கே கெட்டுப்போனார். குரல் இருந்த காலத்தில் தான் சொன்னதை 'நான் சொல்லவே இல்லை' என்று சாதிப்பவர் அவர். இப்போது சாதிக்கவும் தேவையில்லை. எழுதுவார், நான் பாதி வாசிக்கும்போதே பொத்தானை அமத்துவார், பிறகு ஒன்றும் அறியாதவர்போல ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருப்பார். வாவி என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள், நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். "எழுதினத நிண்டு பேசுங்க பாப்பம்" என்று நான் கத்துவேன். துணி அசையும். அது சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

ஒன்றுக்கு மட்டும் நான் பழகவே இல்லை. கடை பூட்டி வீட்டுக்கு வருவேன், ஆள் இருக்காது, தோணியில் மீன் பிடிக்கப் போயிருப்பார். குசினியில் அடுப்படி மேசையில் பலகை சாய்த்து வைத்திருக்கும். அதில் 'வாறன்' என்று இருக்கும். போய்விட்டு வருகிறேன் என்பதுதான். ஆனால் ஆளில்லாத வீட்டில், மங்கிய வெளிச்சத்தில், அந்தப் பச்சை எழுத்தைப் பார்க்கும்போது யாரோ உள்ளறையிலிருந்து நடந்து வந்துகொண்டிருப்பதுபோல இருக்கும். நான் அதை அழித்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பேன்.

என் அக்கா எங்கள் தெருவிலேயே இருக்கிறாள். அவளுக்கு ஒரே மகன். ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி வெளிநாட்டுக்குப் புறப்பட்டான். ஏதோ ஒரு நாட்டின் எல்லைக் காட்டிலிருந்து ஒருநாள் பேசினான், 'குளிருதும்மா, நடந்துகொண்டிருக்கிறம்' என்றான். அதற்குப் பிறகு அந்தப் போன் இலக்கம் வேலை செய்யவில்லை. அவனோடு போனவர்கள் இருவர் வேறு வேறு கதை சொன்னார்கள். அக்கா அழவில்லை. "என்னத்துக்கு அழோணும்? அவன் வரத்தானே போறான்" என்பாள். பார்க்கிற நாங்கள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் வைகாசியில் சடங்கு. கடைசி நாள் தெய்வம் ஆடுகிறவர்மேல் அம்மன் வந்து, கேட்கிறவர்களுக்கு வாக்குச் சொல்லும். கட்டுச் சொல்வது என்போம். இருபது வயதிலிருந்து அதை ஆடியவர் என் கணவர். அப்போது அவர் வாயிலிருந்து வருவது ஒரு வயதான பெண்ணின் குரல், எனக்கு அந்தக் குரலைக் கேட்டாலே குளிர் எடுக்கும். இந்தமுறை ஆட வேறு ஒருவரைத் தேடச் சொல்லிப் பூசாரியாருக்கு அவர் எழுதிக் காட்டினார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "உன்ட மனிசன்ட வாயால கேட்டாத்தான் எனக்கு நம்பிக்கை" என்றாள். "வாய் எங்க அக்கா இருக்கு?" என்று நான் கேட்டேன். "அது அம்மன் பாத்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டாள்.

வேறு ஆள் அமையவில்லை. ஆனாலும் கடைசி நாள் பின்னேரம் அவர் மற்ற ஆண்களோடு பந்தலின் ஓரத்தில்தான் நின்றார். பறையும் உடுக்கும் ஏறி ஏறிப் போயின. நான் திரும்பிப் பார்த்தபோது அவர் கழுத்துத் துணி நிலத்தில் கிடந்தது. முன்பெல்லாம் தெய்வம் வந்தால் ஒரு கூவல் கூவுவார். இப்போது அந்தத் துவாரத்தால் காற்று மட்டும் வந்தது. மூங்கில் குழாயில் ஊதுவதுபோல நீளமாக, ஈரமாக ஒரு சத்தம். பறைகாரர் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். அந்தச் சத்தம் மட்டும் தனியே கேட்டது. என் மனிசனைப் பார்த்து நான் பயந்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

அக்கா முன்னால் போய் விழுந்தாள். "தாயே, என்ட புள்ள வருவானா?"

வாய் திறந்து மூடியது. பிறகு கை நீண்டது. பூசாரியார் என்னைப் பார்த்தார், நான் பையிலிருந்த பலகையை எடுத்துக் கொடுத்தேன். குச்சியைக் கொடுக்க மறந்துபோனேன். கையிலிருந்த வேப்பங்கொத்தின் காம்பால் அவர் எழுதினார். அவருடைய எழுத்து எறும்பு ஊர்வதுபோலச் சிறியது. இது பலகையை நிறைத்து, எழுத்துப் பழகுகிற பிள்ளை எழுதுவதுபோல முட்டி முட்டி விழுந்தது.

'வருவான்.'

பூசாரியார் உரக்க வாசித்தார். சனம் குரவை போட்டது. அடுத்துக் கேட்க ஒரு கிழவர் முன்னால் வந்தார். அவருக்கு எழுத வேண்டுமானால் இதை அழிக்க வேண்டும். பூசாரியார் பலகையை என்னிடம் நீட்டினார், என் விரல் பொத்தானுக்குப் போனது.

"தொடாத!" அக்கா பாய்ந்து பலகையைப் பறித்துக்கொண்டாள். "அம்மன் குடுத்த சொல்ல அழிக்கப் போறியா? என்ட புள்ளைய அழிக்கப் போறியா?"

அதற்குப் பிறகு அந்தப் பொத்தானில் கை வைக்க அந்தப் பந்தலில் ஒருவருக்கும் துணிவு இல்லை. பூசாரியார் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வாய்ச்சொல் என்றால் காற்றோடு போகும், அடுத்த சொல் வரும். இது போகாமல் நின்றது. தெய்வம் கையை நீட்டியபடி நின்றது, எழுத இடம் இல்லை. கொஞ்ச நேரத்தில் என் மனிசன் விழுந்துவிட்டார். கிழவரும் வரிசையில் நின்ற மற்றவர்களும் திருநீற்றை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த வருசம் எங்கள் ஊரில் கட்டுக் கிடைத்தது அக்காவுக்கு மட்டும்தான்.

கடையிலிருந்து இன்னொரு பலகையை என் மனிசனுக்கு எடுத்துக் கொடுத்தேன். தெய்வம் வந்த நேரம் எதுவும் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. 'நான் என்ன எழுதின?' என்று எழுதிக் கேட்டார். சொன்னேன். பிறகு, 'எங்க வருவான்?' என்று எழுதி, நான் வாசித்தேனா என்று பார்த்துவிட்டு அழித்தார்.

அக்கா கேட்டுக்கொண்டபடி பழைய பலகையின் ஆணியைக் கழற்றிப் பற்றரியை எடுத்தவரும் அவர்தான். தவறியும் யாரும் அழித்துவிடக் கூடாது என்பது அவளுடைய பயம். பற்றரி இல்லாமலே சொல் நின்றது அவளுக்கு இன்னொரு அற்புதமாகிவிட்டது. "எல்லாப் பலகையும் அப்பிடித்தான் அக்கா, பற்றரி அழிக்கத்தான்" என்று நான் சொன்னேன். காதில் விழவில்லை. சாமிப் படங்களுக்கு நடுவில் பலகை ஏறியது. தெருச் சனம் வந்து பார்த்தது. பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். தொட்ட இடத்திலெல்லாம் நகம் பட்டுப் பச்சைக் கோடு விழுந்தது. அக்கா தினமும் சந்தனப் பொட்டு வைத்தாள், பொட்டுக்கு அடியிலும் பச்சை. சில கிழமைக்குள் வருவான் என்ற சொல் புல்லுக்குள் போனதுபோல ஆகிவிட்டது. எனக்கு வாசிக்க முடியவில்லை. அக்கா மட்டும் தடுமாறாமல் வாசித்தாள். ஒருநாள், "முகம் தெரியுது பாத்தியா, இந்தா மூக்கு" என்று விரலால் கோடு கோடாகக் காட்டினாள். தெரியவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் காட்டிய இடத்தில் ஒரு மூக்கு இருந்தது. அதற்குப் பிறகு அந்தச் சுவரைப் பார்க்காமல் உட்காரப் பழகிக்கொண்டேன்.

பிறகு ஒரு மத்தியானம். என் கணவர் பிடித்த மீனில் பெரியதொன்றை ஆய்ந்து எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. அக்கா தலைவாரி, நல்ல சீலை உடுத்திருந்தாள். முகத்தில் ஒரு மினுக்கம்.

"வந்திட்டான் புள்ள" என்றாள்.

மீன் சட்டியோடு உள்ளே எட்டிப் பார்த்தேன். "எங்க? ஆரு சொன்ன? போன் வந்ததா?"

அவள் சாமிப் படங்களைக் காட்டினாள். பலகை துப்புரவாகக் கறுப்பாக இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை, கடையில் பெட்டி உடைத்து எடுத்ததுபோல. "அவன் வந்திட்டான், அதால சொல் போயிட்டு. இனி என்னத்துக்கு அது?"

எனக்குக் கோபம் வந்தது. பலகைமேல், அவள்மேல், அந்த அம்மன்மேலும். கிட்டப்போய்ப் பார்த்தேன். கீழ் விளிம்பில் பிளாஸ்டிக் கொஞ்சம் நெளிந்திருந்தது. வெயிலில் சைக்கிள் கூடைக்குள் கிடந்து எழுத்துப் போய்விட்டது என்று பிள்ளைகள் தங்கள் பலகைகளைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். சூடு பட்டால் அழியும். "கற்பூரம் காட்டின நீங்க" என்றேன். "கற்பூரச் சூட்டில போயிட்டு அக்கா. வேற ஒண்டுமில்ல."

அக்கா சிரித்தாள். "எங்கால கற்பூரம்? முடிஞ்சு போயிட்டு, வேன் வந்தாத்தான் தருவன் எண்டு நீதானே சொன்ன. வேற எந்தக் கடையில கிடைக்குது?"

நான்தான் சொன்னேன். வேன் இன்னும் வரவில்லை. ஒரு பழைய துண்டு எங்காவது கிடந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கற்பூரத் தட்டைப் பார்த்தேன். தட்டு கழுவித் துடைத்துக் கவிழ்த்திருந்தது. அதை நிமிர்த்தி மணந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அவள் மீனை வாங்கிக் குழம்பு வைத்தாள். வைக்கும்போது அறைப் பக்கம் பார்த்து இடையிடையே எதையோ சொன்னாள், உறைப்பு காணுமா என்று கேட்டாள். நான் எழும்பிப் போயிருக்கலாம், போகவில்லை. பாயை விரித்து மூன்று சோற்றுக் கோப்பை வைத்தாள். நான் வழமைபோல நடுவில் உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் ஒதுங்கி இரு புள்ள" என்றாள். "அவன் இருக்கட்டும்."

நான் ஒதுங்கி இருந்தேன். அவள் முதலில் அந்தக் கோப்பையில்தான் சோறு போட்டாள். மீன் தலையை அங்கே வைத்தாள், அவன் தலைதான் தின்பான். பிறகு அகப்பையோடு என்னைப் பார்த்தபடி நின்றாள். பைத்தியம் என்று நான் சொல்லிவிடுவேனோ என்று பயந்த பார்வை அது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. பக்கத்துக் கோப்பையின் பக்கம் திரும்பினேன்.

"எப்ப வந்த மனே?" என்று கேட்டேன்.

அகப்பை கீழே விழுந்தது. அக்கா அப்படியே நிலத்தில் உட்கார்ந்து என் மடியில் முகத்தைப் புதைத்துக் குழறி அழுதாள். அந்தக் காட்டிலிருந்து அவன் பேசிய நாளுக்குப் பிறகு அவள் அழுதது அப்போதுதான். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். அந்தக் கோப்பைப் பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.