இடப்பக்கம் சுற்றிய டேப்

வயரிங் வேலையில் அவருக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. தெருவில் அவருக்குப் பெயரே ‘ஃபியூஸ்’. லாரியோ டிராக்டரோ, எந்தக் கோளாறும் அவர் கைக்குத் தப்பாது. அப்படிப்பட்ட மனிதர் சொந்த வண்டியிடம் மூக்குடைபட்டு நின்றார்.

பழைய வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து கேம்பராக மாற்றியிருந்தார். மனைவியும் தானுமாக ஊர் ஊராகச் சுற்ற வேண்டும் என்று ஆசை. ஞாயிற்றுக்கிழமைதோறும் தனியாக ஓட்டிப் போய்ச் சோதித்துப் பார்ப்பார். எல்லாம் சரி, ஆனால் நான்கு நாள் சும்மா நின்றால் பேட்டரி செத்துவிடும். விளக்கைப் பிரித்தார், ஃபேனைப் பிரித்தார். புது பேட்டரி போட்டார். அதையும் வண்டி விழுங்கி ஏப்பம் விட்டது. பட்டறையில் கூட்டாளியான தம்பி பக்கத்திலேயே நின்று டார்ச் அடித்தான். “விடுண்ணே, வண்டி பழசு” என்பான். அண்ணனுக்காக எவ்வளவு மெனக்கெடுகிறான் என்று இவர் உருகிப் போவார்.

அன்று தம்பி வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்கினார். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, பேட்டரி வயரைக் கழற்றி நடுவே மீட்டரை வைத்தார். மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மீட்டர் இறங்குவதாக இல்லை. அப்படியானால், ஃபியூஸ் பெட்டிப் பக்கமே வராமல் ஏதோ ஒன்று பேட்டரியிலிருந்து நேராக உறிஞ்சுகிறது. படுக்கைக்கு அடியில் புகுந்து, வயரைத் தடவிக்கொண்டே போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவர் போடாத வயர் ஒன்று. நுனியில் தீப்பெட்டி அளவு டிராக்கர். வண்டி எங்கே போகிறது என்று செல்போனுக்குச் சொல்லும் கருவி. அதன் ஜாயிண்ட் ஈரத்தில் ஊறிக் கசிந்துகொண்டிருந்தது.

ஜாயிண்டில் டேப் இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. பட்டறையில் இடதுகைக்காரன் தம்பி ஒருவன்தான்.

தம்பி வந்ததும் கருவியை மேசைமேல் வைத்தார். அவன் முகம் வெளிறியது.

“அண்ணிதான் வைக்கச் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமையானா நீ தனியா எங்கயோ போறேன்னு அழுதாங்க. இன்னொரு வீடு இருக்குமோன்னு...”

“நீ என்ன சொன்னே?”

“எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு.”

“என்ன கண்டுபிடிச்சீங்க?”

“பாலம் வரைக்கும் போய்ட்டுத் திரும்பிடுறே. போன மாசமே தெரிஞ்சுபோச்சு.”

“அப்புறமும் ஏன் எடுக்கல?”

“எடுக்கும்போது நீ பாத்துட்டா?”

சந்தேகப்பட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கட்டியவளும் கூடப் பிறந்தவனும் உண்மை தெரிந்த பிறகும் அவரைத் தேடவிட்டார்களே, அதுவும் இவன் டார்ச் அடித்துக்கொண்டு நின்றானே, அதுதான் அவர் நெஞ்சை அறுத்தது. ஃபியூஸ்களை மாட்டினார். பேட்டரி வயரை இறுக்கினார். வண்டி ஒரே சாவியில் கிளம்பியது.

தம்பி ஜன்னலைப் பிடித்துக்கொண்டான். “எங்கண்ணே போறே? அண்ணி கேட்டா என்ன சொல்ல?”

“தெரியாதுன்னு சொல்லு. இந்தத் தடவையாவது நீ சொல்றது உண்மையா இருக்கட்டும்.”