மறதி என்று சொன்னேன்

தை பிறந்தால் எங்கள் நாடக மன்றத்துக்கு சீசன். மாதத்துக்கு ஒன்று என்று சித்திரை வரைக்கும் நான்கு நாடகங்கள். இரண்டு வசன நாடகம், இரண்டு பாட்டு நாடகம். ஆரணியில் பட்டு நூல் கடை ஒன்றின் மாடியில், பிளாஸ்டிக் நாற்காலி போட்ட கூடம்தான் எங்கள் தியேட்டர். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் படுதாவைத் தூக்கினால் ஏழரைக்கெல்லாம் முடித்துவிடுவோம். நடிப்பவர்கள் தறிக்காரர்களும் கடைக்காரர்களும், மறுநாள் எல்லோருக்கும் வேலை இருக்கிறது. இதையெல்லாம் பெருமையாகச் சொல்லத்தான் ஆசை. ஆனால் போன மார்கழியில், வரப்போகும் சீசனுக்கான கூட்டத்துக்கு மாடிப்படி ஏறியபோது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். இந்தப் படிக்கட்டை எவன் இவ்வளவு செங்குத்தாகக் கட்டித் தொலைத்தான்?

வாரம் முழுக்க ஜாக்கெட் தைக்கிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை நாடகத்தில் வசனம் எடுத்துக்கொடுக்கிறவள். மேடைக்கு வலது பக்கம், படுதாவை ஒட்டி ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நடிக்கிறவர் தடுமாறினால் முதல் இரண்டு வார்த்தையைச் சன்னமாகச் சொல்வேன். அவர் பிடித்துக்கொண்டு போய்விடுவார். சபைக்கு நான் தெரியக்கூடாது, என் குரல் கேட்கக்கூடாது. இருபது வருஷத்துக்கு மேல் இப்படி இருந்தாயிற்று. கைத்தட்டல் ஒன்றுகூட எனக்கு வந்ததில்லை என்று ஒரு காலத்தில் வருத்தம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. ஏழரை ஆனால் போதும், இடுப்பை நீட்டிப் படுக்கலாம் என்றிருக்கும்.

கூட்டத்தில் பேச வேண்டியது ஒரே ஒரு விஷயம். தை மாத நாடகம் பாட்டு நாடகம், ராஜா கதை. அந்த ராஜா வேஷம் யாருக்கு? எங்கள் மன்றத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதே கிடையாது. ராஜா என்றால் அவர்தான். பவர்லூம் கொட்டகையில் முப்பது வருஷமாகத் தறி ஓட்டுகிறவர். ஒற்றைநாடி உடம்பு, ஆனால் கிரீடத்தை வைத்துவிட்டால் ஆள் இரண்டு அடி உயர்ந்த மாதிரி தெரியும். மேடையில் அவருக்கென்று ஒரு நடை உண்டு. நாலு வரி பேசுவார், நிறுத்துவார், வலது பக்கம் மெல்லத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், அடுத்த நாலு வரி பேசுவார். அந்தத் திரும்பலுக்கே ஜனங்கள் கைதட்டுவார்கள். அவர் திரும்புவது என்னைப் பார்த்துத்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும். நான் எடுத்துக்கொடுப்பேன், அவர் எடுத்துக்கொள்வார். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

போன சீசனில் பிசகியது. ஒருமுறை இல்லை, நான்கு நாடகத்திலும் பிசகியது. திரும்பினார், நான் சொன்னேன், அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி சொன்னேன். அப்படியே நின்றார். மூன்றாம் தடவை நான் சொன்னது முன்வரிசைக்கே கேட்டு இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஆர்மோனியக்காரர் சமாளித்துப் பாட்டை ஆரம்பித்ததால் தப்பித்தோம்.

மன்றத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். யாரையும் நோகடிக்கத் தெரியாதவர், அதனால் நோகடிக்கிற வேலையை எல்லாம் அடுத்தவர் தலையில் கட்டிவிடுவார். அன்றைக்கு ராஜா வேஷக்காரர் வரவில்லை, கொட்டகையில் அவருக்கு ஷிப்ட். செயலாளர் நேராக என்னைத்தான் கேட்டார். உங்களுக்குத்தான் தெரியும், உள்ளபடி சொல்லுங்கள், அவருக்கு என்னதான் ஆகிறது என்றார். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கு முதுகு வலி, வீட்டில் பொங்கலுக்குத் தைக்க வேண்டிய ஜாக்கெட் குவிந்து கிடந்தது. யோசிக்கக்கூட இல்லை நான்.

"மறதிங்க சார். எடுத்துக்குடுத்தாலும் ஏற மாட்டேங்குது" என்றேன்.

அவ்வளவுதான் கூட்டம். ஐந்து நிமிஷத்தில் ராஜா வேஷம், எங்களோடு நடிக்கும் போட்டோ ஸ்டுடியோக்காரருக்குப் போனது. பழைய ராஜாவை ஒரேயடியாக விட முடியாது என்று வாயிற்காவலன் வேஷம் கொடுத்தார்கள். "மன்னா, தங்களைக் காண ஒருவர் வந்திருக்கிறார்." "உத்தரவு மன்னா." மொத்தம் இரண்டு வரி. நான் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து தைக்க உட்கார்ந்தேன். மனசில் உறுத்தல் ஏதும் இல்லை. இனி அவருக்காகத் தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டாம், ஒரு பேஜார் விட்டது என்றுதான் இருந்தது. வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

மறுவாரம் நோட்டீஸ் அச்சாகி வந்தது. ராஜாவுக்கு எதிரே ஸ்டுடியோக்காரர் பெயர், கடைசி வரியில் இவர் பெயர். அதை அவர் கையில் கொடுக்கும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. கொட்டகை உங்கள் வீட்டுக்குப் போகிற வழிதானே என்றார் செயலாளர். தன் வாயால் வேஷம் மாறின சேதியை மட்டும் அவரிடம் முன்பே சொல்லியாயிற்றாம். நோட்டீஸை நீட்டி அவர் முகத்தைப் பார்க்கத்தான் தைரியம் இல்லை. நல்ல மனுஷன்.

மதியம் மூன்று மணி இருக்கும், போனேன். எட்டுத் தறி ஓடுகிற கொட்டகை. உள்ளே போனால் நம் குரல் நமக்கே கேட்காது, தரை அதிர்வது காலில் தெரியும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தறிக்காரர்கள் எல்லோரும் வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை பேசிச் சிரிப்பார்கள். அவரும் எதிர்த்தறிக்காரரோடு அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நல்லா இருக்கீங்களா என்று கேட்டேன். சட்டென்று பதில் சொன்னார். பொங்கல் தையல் முடிந்ததா என்று அவர் கேட்டது எனக்குத்தான் பிடிபடவில்லை, காதருகே வந்து கத்தினார்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. எட்டுத் தறியும் ஒன்றாக நின்றன. மற்றவர்கள் பீடி பிடிக்க வெளியே போனார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, பையில் நோட்டீஸைத் துழாவிக்கொண்டே, சார் இதைக் கொடுக்கச் சொன்னார் என்றேன். பதில் இல்லை. கோபமாக்கும் என்று நினைத்து, என்னை ஒன்றும் நினைச்சுக்காதீங்க தம்பி என்றேன். அதற்கும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு, நான் இன்னும் வாயே திறக்காதவள் போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மறதி இல்லை. காது. தறிக்கொட்டகை அவர் காதைத் தின்றுவிட்டிருக்கிறது, எங்கள் ஊரில் அது யாருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? இங்கே எல்லோருமே சத்தமாகப் பேசுகிறவர்கள், எல்லோருமே அடுத்தவர் வாயைப் பார்த்துக் கேட்கிறவர்கள். பாட்டுக்கு ஆர்மோனியக்காரரின் கையைப் பார்த்து எடுத்திருக்கிறார். வசனத்துக்கு என் வாயை. அந்தத் திரும்பலும் அந்தப் பார்வையும் அதற்குத்தான்.

நான் கண்டுகொண்டேன் என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் சிரித்தார்.

"மறதின்னு சொன்னீங்களாமே அக்கா, சார் சொன்னாரு. கையெடுத்துக் கும்பிடணும் உங்கள. காது போச்சுன்னு சொல்லியிருந்தீங்கன்னா படியேறவே வுட்டிருக்க மாட்டாங்க. பாட்டு நாடகத்துல செவிடனுக்கு இன்னா வேலை? மறதின்னா ரெண்டு வரியாவது குடுப்பாங்க."

நான் பையிலிருந்து நோட்டீஸை வெளியே எடுத்தேன். அவர் மேலே பேசினார்.

"போன வருசம் நோட்டைத் தூக்கி வாயை மறைச்சிகினீங்களே, அப்பவே புரிஞ்சிகினேன். பெரிய வேஷம் போதும்டான்னு எனக்கு மட்டும் தெரியறாப்ல சொல்றீங்கன்னு. நாலு பேர் எதிர்ல என்னெ அசிங்கப்படுத்தாம எறக்கி வுட்டீங்க. கூடப் பொறந்தவகூட செய்ய மாட்டாக்கா."

நான் நோட்டைத் தூக்கிப் பிடித்தது எனக்குக் கண் தெரியாமல். தையல் வேலையில் பார்வை இறங்கி, எழுத்து மூக்கருகே வந்தால்தான் தெரிகிறது. கண்ணாடி மாற்ற வேண்டும். நாளைக்குப் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று அலுப்பில் தள்ளிக்கொண்டே ஒரு வருஷம் ஓட்டிவிட்டேன். புதுக் கண்ணாடி ஒன்று போட்டிருந்தால் இந்தத் தை மாதமும் அவர்தான் ராஜா. இப்போது செயலாளரிடம் ஓடிப்போய், அது மறதி இல்லை சார் என்று சொல்லவும் வழியில்லை. சொன்னால் அடுத்த கேள்வி, பின்னே என்ன என்பதுதான். அதற்குப் பதில் சொன்னால் இருக்கிற இரண்டு வரியும் போய்விடும்.

கரண்ட் வந்தது. தறிகள் திரும்பவும் இரையத் தொடங்கின. அவர் போகாமல் என் வாயைப் பார்த்து நின்றார். அவரிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அந்தக் கும்பிடு எனக்குச் சேராது என்று தோன்றியது. சொல்லியும் விட்டேன். "இல்ல தம்பி. எனக்குக் கண்ணு தெரியல. அதான் நோட்டைத் தூக்கினேன்."

எனக்கே கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருஷமாக வாயசைவில் ஒரு எழுத்துகூடத் தவறவிடாதவர். அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் நின்று, பிறகு மெல்ல இறங்கியது. என்னிடமிருந்து கண்ணை எடுத்துத் தறியைப் பார்த்தார். அதில் இழை ஒன்றும் அறுந்திருக்கவில்லை. மறுபடி என்னைப் பார்த்தார்.

"இன்னாக்கா சொன்னீங்க? சரியாத் தெரியல" என்று கேட்டார்.

நான் நோட்டீஸை அவர் கையில் வைத்தேன். முகத்தை நன்றாக நிமிர்த்திக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

"ஒண்ணுமில்ல தம்பி. ரெண்டு வரியும் நல்லா சொல்லுங்க."