பக்கத்து ஆட்டத்துப் பந்து

அறுபதுகளில் எங்கள் கம்பெனிக் கிளைகளுக்கிடையே கிரிக்கெட் போட்டி வைத்தால் எல்லா ஊர்க்காரர்களும் பம்பாயையே கேட்பார்கள். காரணம், சர்ச்கேட் பக்கத்து மைதானம். பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள் அங்கே ஒரே நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கும். நம் எல்லைக்கோட்டுக்குள் அடுத்த ஆட்டத்து ஃபீல்டர் நிற்பார், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அத்தனை கோடுகளையும் போட்டவர் ஒருவரே. தாராவிக்காரர், திருநெல்வேலிப் பேச்சு, முழங்கால்வரை சுண்ணாம்பு. மிதிபட்டு அழிந்த கோட்டை ஆட்டத்தின் நடுவிலேயே, டப்பாவைத் தட்டியபடி பின்பக்கமாக நடந்து சரிசெய்வார். ஒரு பந்துகூட அவர்மேல் பட்டு நான் பார்த்ததில்லை.

அரையிறுதியில், உயரே வந்த பந்தைப் பின்னால் ஓடி, விழுந்து பிடித்தேன். மாட்டுங்காவில் பத்து வருஷம் ஆடியும் அப்படியொரு கேட்ச் பிடித்ததில்லை. எழுந்து குதித்தபோது எங்கள் ஆட்கள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் பிடித்தது பக்கத்து ஆட்டத்துப் பந்து. எங்கள் பந்து தரையோடு உருண்டு எல்லையைத் தாண்டியிருந்தது.

ஒரே ஒரு கைதட்டல் கேட்டது. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அவர் சுண்ணாம்பு பறக்கத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்காணும், கேலி பண்றீரா?"

"கேலி என்னத்துக்கு சார்? ஆட்டந்தான் வேற. கேட்ச் நல்ல கேட்சுல்லா!"

அன்று தோற்றோம். அத்தனை கோடும் போட்டவருக்கு அது எந்த ஆட்டத்துப் பந்து என்பது ஒரு பொருட்டாகவே இல்லை. எங்கள் கேப்டன்தான் தீபாவளிவரை என்னோடு பேசவில்லை.