முகிலன் தின்ற இரண்டு மைசூர்பாகு

முகிலனுக்கு ஒன்பது வயதில் சர்க்கரை வந்தது. கோபிச்செட்டிபாளையத்தில் அவனைப் பார்த்த அத்தனை பேரும் ஒரு வைத்தியம் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். வெந்தயம், பாகற்காய், ஆவாரம்பூ. தன் உடம்பில் இன்சுலின் சுரப்பதே இல்லை, இது பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை இல்லை, ஊசி போட்டபின் சில நேரம் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென இறங்கும், அப்போது இனிப்புதான் மருந்து என்று விளக்கி விளக்கி அவனுக்கு வாய் வலித்துப்போனது. பிறகு விளக்குவதை நிறுத்திவிட்டான்.

முப்பத்திரண்டு வயதில் அவனுக்கு வாய்த்தது ஹூஸ்டனில் பாலம் சோதிக்கும் வேலை. ஃப்ரீவே பாலங்களுக்கு அடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு, சிறு சுத்தியலால் கான்கிரீட்டைத் தட்டி, எங்கே பொத்தென்று சத்தம் வருகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்: கையில் சர்க்கரை அளவு காட்டும் சென்ஸார், இடுப்புப் பையில் ஜூஸும் குளுக்கோஸ் மாத்திரையும், இவை இருந்தால் ஏறலாம். மூன்று வருடம் ஏறினான்.

இறங்குவதற்கு முன் கூட்டாளி கயிறு, கொக்கி, பை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். மார்ச்சில் ஒரு காலை அப்படித் தொட்டுப் பார்த்தவர் அம்பத்தூர் ரஞ்சித்குமார். அந்தக் குழுவுக்கு அவர்தான் லீட். முகிலன் அவரை அண்ணா என்பான், அவன் இனிப்பைத் தொட்டால் அவர் திட்டுவார்.

நாற்பதடி கீழே தொங்கும்போது சென்ஸார் கத்தியது. ஐம்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போகக் கூடாது. பையைத் திறந்தான். காலி. ஐம்பத்தொன்று. காலடியில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ரேடியோவில் அவன் சொன்னது அவனுக்கே புரியவில்லை. மேலே இழுத்துப் போட்டார்கள்.

ரஞ்சித்குமார் ரிப்போர்ட்டில் எழுதினார்: "ஊழியர் ஜூஸோ மாத்திரையோ எடுத்து வரவில்லை."

முகிலனை ஆஃபீஸில் உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் எடுத்த விரிசல் படங்களுக்கு நம்பர் போடும் வேலை. நான்கு மாதம் போட்டான். ஜூலை கடைசியில் முடிவு சொல்வதாக இருந்தவர் சேஃப்டி டைரக்டர் கந்தசாமி, பெருந்துறைக்காரர். எடுத்து வந்தேன் என்று முகிலன் அவரிடம் சொல்லியாயிற்று. அவன் வார்த்தைக்கு எதிரே லீடின் கையெழுத்து இருந்தது.

ஜூலை நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகிலன் கந்தசாமி உட்பட ஆஃபீஸ்காரர்கள் எல்லோரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டான். ரஞ்சித்குமாரையும் அவர் மனைவி பிரீத்தியையும்கூட.

"அவரை எதுக்குங்க?" என்றாள் மனைவி வெண்பா.

"அண்ணன் இல்லாம விருந்தா?" என்றான் முகிலன்.

இலை போடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் உள்ளறைக்குப் போய், சாப்பாட்டுக்கு உள்ளதோடு இரண்டு மைசூர்பாகுக்கும் சேர்த்து நான்கு யூனிட் இன்சுலின் கூடுதலாகப் போட்டுக்கொண்டான். பழி தீர்ப்பதற்கும் ஊசி வேண்டியிருந்தது.

இலை போட்டதும் ரஞ்சித்குமாருக்கு எதிரே உட்கார்ந்தான். பக்கத்தில் கந்தசாமி. முதல் மைசூர்பாகை நிதானமாகத் தின்றான். ரஞ்சித்குமாருக்குச் சோறு இறங்கவில்லை.

"வெண்பா, இன்னொண்ணு வை."

"டேய், போதும்டா. சுகரை வெச்சுக்கினு என்னடா தின்ற?"

"ஆசையா இருக்குதுங்ணா."

"ஆசையாம். எங்கப்பாவும் இப்படித்தான் ஆசைப்பட்டாரு, முட்டிக்குக் கீழ காலே போச்சு." ரஞ்சித்குமார் கந்தசாமி பக்கம் திரும்பினார். "நீங்களே கேளுங்க சார். பிரிட்ஜ்ல இறங்கும்போதுகூட பை ஃபுல்லா ஜூஸு, மிட்டாய். நான்தான் செக் பண்ணும்போது அவனுக்குத் தெரியாம எல்லாத்தையும் எடுத்துக் கடாசினேன். தம்பி மாதிரிதானே, பாத்துக்கினு சும்மா இருக்க முடியுமா?"

கந்தசாமி ரசம் பிசைந்த கையை இலையிலேயே வைத்துக்கொண்டார்.

"என்னைக்குங்க தம்பி அது?"

பிரீத்திக்கு முதலில் புரிந்தது. கணவரின் முழங்கையைத் தொட்டாள். முகிலன் இரண்டாவது மைசூர்பாகைக் கடித்தான்.

புதன்கிழமை கந்தசாமி அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முகிலன் திரும்ப ஏறலாம் என்ற கடிதம் மேஜைமேல் இருந்தது. பக்கத்தில் ரஞ்சித்குமாரை நீக்கும் கடிதம்.

"அந்தத் தம்பியை வேலையை விட்டுத் தூக்கீட்டா விசா அறுபது நாள்தானுங்க, அப்புறம் குடும்பத்தோட ஊருக்குக் கெளம்போணும். தெரியாம எடுத்துட்டாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா வார்னிங்கோட விட்டுப்போடலாம்."

"எடுத்தது தெரியாமங்க சார். எழுதுனது?"

கந்தசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குடும்பஸ்தருங்க."

"நானுங்கூட."

அன்று மாலை பிரீத்தி ஃபோன் பண்ணினாள். மகனுக்கு ஸ்கூல் திறக்கப்போகிறது, வீட்டை என்ன பண்ணுவது என்று அழுதாள். முகிலன் கடைசிவரை கேட்டான். அவள் ஓய்ந்ததும், "அண்ணனைக் கேட்டேன்னு சொல்லுங்க அண்ணி" என்று வைத்துவிட்டான்.

வெண்பா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

அவன் யோசித்துப் பார்த்தான்.

"ஏதாச்சும் தோணுதான்னு சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டுத்தான் இருந்தேன், வெண்பா. ஒண்ணும் தோணல."

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பாலத்தில் நிற்க வேண்டும். பூட்ஸைத் தேடி எடுத்து, கயிறு கட்டும் இடுப்புப் பட்டையை விரித்து, நான்கு மாதத் தூசியை ஈரத்துணியால் துடைக்க உட்கார்ந்தான்.