பொஸ்மாரின் பாதை

பனிச்சறுக்கு மலையில் 'பொஸ்' என்று பலகை போட்ட பாதை பெரிய பொஸ்மாருக்கு, அதாவது முதலாளிமாருக்கு, ஒதுக்கியது என்றுதான் முதலில் நம்பினேன். நேற்றிரவு அதே சின்ன மலையில் மகள், "அப்பா, நான் பொஸ்ஸுக்குப் போறன்" என்றாள். அவளுடைய சறுக்குக் கட்டைகள் பனிக்கட்டியில் கரகரத்தன. எனக்குப் பழைய கோபம் பொங்கியது.

அந்தப் பலகையை முதலில் பார்த்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. கனடா வந்து, மொன்றியலில் முதல் குளிர்காலம். இரண்டு வயது மூத்த அண்ணைக்குக் கொஞ்சம் பிரெஞ்சு தெரியும். "பொஸ்மாருக்கெண்டு மெத்தை மாதிரிச் செய்து வைச்சிருக்கினம். இரவில ஆரும் மறிக்காயினம், வா" என்று கூட்டிப்போனான். மூத்தவன் என்று மரியாதைக்கு அவனுக்கு 'ர்' போட இன்றும் மனம் வரவில்லை.

உச்சியில் நின்றபோதுதான் புரிந்தது, பிரெஞ்சில் பொஸ் என்றால் மேடு. விளக்கு வெளிச்சத்தில் அடிவாரம் வரை புற்றுப் புற்றாகப் பனிமேடுகள். முருகனுக்கு மொட்டை நேர்ந்தேன். அந்தக் குளிரில் மொட்டைத் தலை என்னாகும் என்றுகூட யோசிக்கவில்லை.

அண்ணையோ பக்கத்து மேடில்லாத பாதையால் இறங்கி, கீழே நின்று சிரித்தான். "வாங்கோ பொஸ்!"

"நீ மனிசனோடா? அம்மாட்டச் சொல்லுவன்!"

"இறங்கினாத்தானே சொல்லுவாய்!"

நான் சறுக்கவில்லை. கட்டைகளைக் கழற்றிக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மேட்டிலும் குந்திக் குந்தி இறங்கினேன். எலும்பு எதுவும் முறியவில்லை. அண்ணையோடு மூன்று மாதம் கதைக்கவில்லை.