வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த ஷூட்டிங்

காலை ஷிஃப்ட் பஸ்களெல்லாம் போனபிறகு, மாட்டுப்பண்ணைப் பக்கமிருந்து வெட்டிய பசும்புல் வாசனை எங்கள் மத்திகிரித் தெருவுக்குள் வரும்... அந்த வாசனை வந்தாலே எனக்குக் கனகாவின் ஷூட்டிங்தான் ஞாபகம்.

கொரோனா ஓய்ந்திருந்த சமயம் அது. கனகா எங்கள் மாடி போர்ஷனில் குடியிருந்த பெண். தேனிப் பக்கம். இங்கே ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். நான் வேப்பனப்பள்ளிப் பக்கத்துக் கிராமத்தில் எட்டாவது வரை படித்தவள். குறும்படம் என்றால் என்னவென்று அவள்தான் எனக்குச் சொன்னாள்.

ஒரு போட்டிக்கு அனுப்பப் போகிறாளாம். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆசைப்பட்டு வருகிறவர்களை வைத்து எடுக்க வேண்டும். கம்பெனி வாட்ஸப் குரூப்பில் "வாலண்டியர்ஸ் வேணும்" என்று போட்டாள். கட்டைவிரல் படமாக வந்து குவிந்தது. நானும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் படியில் வந்து உட்கார்ந்தாள். முகமே சரியில்லை.

"நாளைக்கு எல்லாத்துக்கும் ஓவர்டைம் போட்டுட்டாங்க அத்தை. ஒருத்தரும் வரல. திவ்யா மட்டுந்தேன் வாரா."

திவ்யா அவளுடைய சிநேகிதி. கேமராவை இரவல் வாங்கி வைத்திருந்தாள். திங்கட்கிழமை அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அந்த மாதத்தோடு கனகாவுக்கும் காண்ட்ராக்ட் முடிகிறது, ஊருக்குப் போய்விடுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் படம் இல்லை.

"எத்தன பேரு வேணும்?" என்றேன்.

"லைட்டு பிடிக்க, சாமான் தூக்க... ஏழெட்டுப் பேரு இருந்தாப் போதும்."

அவ்வளவுதானே! பூஜை அறையிலிருந்து தாம்பாளத்தை எடுத்தேன். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், கொஞ்சம் பூ. எங்கள் பக்கத்தில் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டவர்கள் வராமல் இருக்க மாட்டார்கள்.

"இதென்ன கல்யாணமா அத்தை? சிரிக்கப் போறாங்க..." என்று கூச்சப்பட்டுக்கொண்டே பின்னால் வந்தாள் கனகா.

எதிர்வீட்டு மஞ்சுளா கன்னடக்காரி. குங்குமத்தை வைத்துக்கொண்டே, "படத்துல நான் ஹீரோயினா அக்கா?" என்றாள்.

"லைட்டு பிடிக்கணும்டி."

"அப்ப எங்க வூட்டுக்காரரக் கூட்டினு வர்றன். கரண்டு போனா அவரு அந்த ஒரு வேலதான் செய்யறாரு."

ஆட்டோ முனிராஜ், ஞாயிற்றுக்கிழமை சவாரியை விட முடியாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். அதற்குள் அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

"வாங்கிட்டியா? அப்ப போச்சு சவாரி" என்று தலையில் கை வைத்தார்.

ஏழெட்டு வீட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அந்தப் புல் வாசனையோடு கதவைத் திறந்தால்... தெரு முழுக்கக் கல்யாணக் கூட்டம்! வெற்றிலை பாக்கு ஆளுக்கு வைப்பதில்லை, வீட்டுக்கு வைப்பது. அது எனக்கே தோன்றவில்லை பாருங்கள். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, குழந்தை குட்டி, மஞ்சுளாவின் மாமியார்... ஒரு வீட்டில் பரிசு கொடுக்க எவர்சில்வர் குடத்துக்குக் கலர் பேப்பர் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள்.

திவ்யா கேமராவை மூடிவிட்டாள். "ஆன்ட்டி, கதைல ஒரு பொண்ணு ரூம்ல தனியா இருக்கா. வெளிய இவ்ளோ சத்தம் இருந்தா சவுண்டே எடுக்க முடியாது."

கனகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எல்லாருக்கும் டீ குடுத்து அனுப்பிச்சிருவோம் அத்தை. படம் வேணாம்."

"வெத்தல வாங்கிட்டு வந்தவங்கள எப்படிம்மா போகச் சொல்றது? சாமி குத்தம். என்ன கதைன்னு நீயே அவங்ககிட்ட சொல்லு."

நாலு பேர் நின்றால் வாயே திறக்காத பெண்... படியில் ஏறி நின்றாள்.

"ஒரு பொண்ணு நைட் ஷிஃப்ட் முடிச்சு ரூமுக்கு வருது. சமைக்கத் தெம்பு இல்ல. ஊர்லருந்து அம்மா போன் பண்ணி, சாப்டியான்னு கேக்குறாங்க. சாப்ட்டேன்னு சொல்லுது. அம்புட்டுத்தேன் கதை."

எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்தப் பொய்யை ஊருக்குச் சொன்னவர்கள்தான்.

முனிராஜ்தான் முதலில் முன்வந்தார். "சத்தம் தானேம்மா வரக் கூடாது? ஒரு வண்டி உள்ள வராது, நான் பாத்துக்கறன்."

ஆட்டோவைத் தெருமுனையில் குறுக்கே நிறுத்தினார். பெண்கள் வீடு வீடாகப் போய், கூட்டத்துக்கு வராத வீட்டிலும் மிக்ஸியை, டிவியை நிறுத்தச் சொன்னார்கள். மஞ்சுளாவின் மாமியார் எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஓடிப் பிடித்து விளையாடிய குழந்தைகளைக் கன்னடத்தில் "சும்னிர்ரோ!" என்று அதட்டினார். அப்புறம் தெருவிலேயே பெரிய சத்தம் அதுதான்.

மஞ்சுளாவின் வீட்டுக்காரர் லைட் பிடித்தார். கனகாவே நடித்தாள். அம்மாவுக்குக் குரல் கொடுக்க வேண்டியவள் ஓவர்டைமில் மாட்டிக்கொண்டதால் அந்த வேலை எனக்கு வந்தது. ஒரே வார்த்தைதான், "சாப்டியா?"... என்னால் அதோடு நிறுத்த முடியவில்லை. "என்ன கொழம்பு? தயிரு இருக்குதா? வெளக்கேத்துனியா?" என்று போய்க்கொண்டே இருந்தேன். திவ்யா கட் சொல்லியே ஓய்ந்துபோனாள்.

எப்படியோ மத்தியானத்துக்குள் முடிந்தது. கேமரா சொன்ன நாளில் திரும்பிப் போனது. படமும் போட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. பரிசு இல்லை. ஆனால் கனகா ஊருக்குப் போகும்போது முகத்தில் ஒரு நிறைவு இருந்தது.

போவதற்கு முன்னால் எல்லோரும் எங்கள் வீட்டு டிவியில் பார்த்தோம். ஒரு ரூம், ஒரு பெண், ஒரு போன்.

"இன்னாக்கா இது, நம்ம ஆளுங்க யாருமே தெரியலியே" என்றார் முனிராஜ்.

"சத்தம் ஏதாச்சும் கேக்குதா? இல்லல்ல? அதான் நாம" என்றாள் மஞ்சுளா.

இப்போது மஞ்சுளா பாகலூர் ரோட்டில் சொந்த வீடு கட்டிப் போய்விட்டாள். முனிராஜ் குடும்பமும் ஊரோடு போய்விட்டது. புதிதாகக் குடிவந்த பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், எதிரே பார்த்தால் சிரிப்பார்கள். ஷிஃப்ட் முடிந்து வந்தால் உள்ளே போய்விடுவார்கள். சாப்பாட்டு பார்சல் வந்தால் கதவு திறக்கும், மறுபடியும் மூடும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கோலம் போட்டுவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்... ஒரு மிக்ஸிச் சத்தம்கூட இல்லை.

இன்றைக்கு எங்கள் தெருவில் தாராளமாக சவுண்ட் எடுக்கலாம். யாரையும் போய்க் கூப்பிடக்கூட வேண்டியதில்லை.